அண்டை ஊரும் அயல்நாடும்

சென்ற ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வழக்கைத் தொடுத்தவள் என் மகள்; கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. எதிர்த்து வாதாடியவன் நான். கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த என் தாயார் இருவர் பேச்சையும் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வழக்கு இதுதான். கோடை விடுமுறையில் சிங்கப்பூர் செல்வதா, வேண்டாவா? அவளுடைய வகுப்புத் தோழியர் இருவர் முந்திய ஆண்டே சென்று வந்துவிட்டனர். ஐந்து பகல், நான்கு இரவு. விமானம், விடுதி, உணவு எல்லாம் பயண நிலையத்தார் பொறுப்பு. கடவுச்சீட்டும் விசாவும் இருந்தால் போதும். பணம் இல்லை என்று நான் சொல்லியிருந்தால் வழக்கு அன்றே தள்ளுபடியாகியிருக்கும். ஆனால் பணம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். ஆகவே வேறு காரணங்களைத் தேடினேன். பாட்டியை விமானத்தில் அழைத்துச் செல்ல இயலாது. முழங்கால் வலியோடு அவரை ஐந்து நாள் தனியே விடவும் முடியாது. அதற்குப் பதிலாகப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மூன்று நாள் சுற்றி வரலாம். குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை எல்லாம் பார்க்கத்தக்க இடங்கள் என்றேன்.

"சித்தன்னவாசலில் என்ன இருக்கிறது, அப்பா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

நேயர்களே, நான் வாயடைத்துப் போனேன். முப்பது ஆண்டுகளாகத் திருச்சிராப்பள்ளியில் குடியிருப்பவன் நான். டில்லியும் ஆக்ராவும் பார்த்தவன். ஒருமுறை அலுவல் காரணமாக இலண்டன் சென்றபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு முழுநாளைக் கழித்தவன். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் சித்தன்னவாசலை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். 'பக்கத்தில்தானே இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம்' என்ற நினைப்பே என்னைப் போகவிடாமல் செய்திருந்தது.

அப்போதுதான் ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது. "நான் பிறந்தது அன்னவாசலுக்குப் பக்கம். அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் ஆடு மேய்த்தேன். ஒருநாளும் மேலே ஏறியதில்லை, ஐயா" என்றார் என் தாயார். மகள் பாட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வழக்கு அத்துடன் முடிந்தது. அவள் மனம் முற்றும் ஒப்பியது என்று நான் சொல்லமாட்டேன். புறப்படும் நாள் வரையில் முகம் சற்றே வாடித்தான் இருந்தது.

வாடகைக் காரொன்றை அமர்த்திக்கொண்டு விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். கோடையில் இப்பகுதிக்குச் செல்வோர் இதனை நினைவில் வைக்கவேண்டும். பாறை நிலம்; காலை ஒன்பது மணிக்குமேல் வெறுங்காலை ஊன்ற முடியாது. பார்க்க வேண்டியவற்றை அதற்குள் பார்த்துவிட வேண்டும். இல்லையேல் மாலை நான்கு மணி வரையில் மரநிழலையோ மண்டபத்தையோ நாடி இருந்துவிட வேண்டும்.

மதுரைச் சாலையில் விராலிமலையைக் கடக்கும்போது கதிரவன் எழுந்தான். மயில்கள் சாலையோரம் வரை வந்து மேய்ந்துகொண்டிருந்தன. இங்குள்ள முருகப் பெருமானுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு என்று நான் சொல்ல, மகள் முதன்முறையாகச் சிரித்தாள்.

அடுத்தது கொடும்பாளூர். இன்று அது ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர்களின் தலைநகர். அதற்கும் முன்பே, சிலப்பதிகாரத்தில் உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், இவ்வூரைக் குறிப்பிட்டு, இதனைக் கடந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்கிறான். நாங்கள் காரில் விரைந்த சாலையின் போக்கு ஏறக்குறைய அவர்கள் கால் நோக நடந்த போக்குத்தான். மூவர் கோயில் என்ற பெயரில் இங்கே மூன்று விமானங்கள் வரிசையாக இருந்தன. பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் மன்னன் தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்தவை. இரண்டு நிற்கின்றன; மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இவற்றின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, பத்தாம் நூற்றாண்டா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. அந்தப் புல்வெளியில் அன்று எங்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாதது எங்களுக்கு இன்பமாகத்தான் இருந்தது. கோயில்களுக்கு அது இன்பமா என்பது வேறு கேள்வி.

நண்பகலைக் குடுமியான்மலையில் கழித்தோம். சிகாநாதர் கோயிலின் மண்டபத்துத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் நிற்கின்றன. வெளியே தீயாய்க் காய்ந்த நேரத்தில் அம்மண்டபத்தினுள் குளிர்ச்சி நிலவியது. என் தாயார் ஒரு தூணடியில் கால் நீட்டி அமர்ந்துவிட்டார். நானும் மகளும் குடைவரைக் கோயிலை அடுத்துள்ள பாறைக்குச் சென்று இசைக் கல்வெட்டைப் பார்த்தோம். ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி அளவுள்ள பாறைப்பரப்பு. அதில் ஏழு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு கிராம ராகத்துக்கு உரியது. நான்கு நான்கு சுரங்களாகத் தொகுத்து வரிவரியாகப் பொறித்திருக்கிறார்கள். உருத்திராசாரியார் என்பவரின் மாணவனான ஓர் அரசன் செய்வித்தது என்று அதிலேயே சொல்லப்பட்டுள்ளது. அவ்வரசன் மகேந்திரவர்ம பல்லவனே என்று நெடுங்காலம் கருதி வந்தனர். இன்று அதனை ஐயுறுவோரும் உளர். எவனாயினும் ஆகுக. ஓலையில் எழுதினால் செல்லரிக்கும் என்று அஞ்சிப் பாட்டைப் பாறையில் எழுதி வைத்தான் ஒருவன். எழுத்து இருக்கிறது, அதனைப் பாடிக் காட்டத்தான் யாருமில்லை. வடமொழிச் சொற்களோடு தொடங்கும் அக்கல்வெட்டின் கடைசியில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற கருத்தில் ஒரு தமிழ் வரியும் உண்டு. எட்டு என்பது எதனைக் குறிக்கிறது என்று ஆராய்ச்சியாளர் பலவாறு சொல்கின்றனர். என் மகள் இசை பயின்றவள். சுரங்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். கிரந்த எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆயினும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைக் கொண்டு 'இது ச ஆக இருக்குமோ, இது நி ஆக இருக்குமோ' என்று குனிந்து நோக்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதைக்கூட உணரவில்லை. முகவாட்டம் எந்த இடத்தில் நீங்கியது என்று என்னைக் கேட்டால், இந்தப் பாறையடியில்தான் என்பேன்.

இரவு புதுக்கோட்டையில் தங்கினோம். 1948-ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்துடன் இணையும் வரையில் இது தனி அரசாக இருந்த ஊர். அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசு இந்த அரசுக்கே உரியது. என் பாட்டியாரிடமிருந்து வந்த ஒரு அம்மன் காசு என் தாயாரின் சுருக்குப்பையில் அன்றும் இருந்தது. விடுதியைப் பற்றிப் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. சிங்கப்பூர் விடுதிகளின் படங்களைப் பார்த்திருந்த மகள் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள். அண்டை ஊர்ப் பயணத்தில் குறையே இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. பேருந்துகள் பல இடங்களுக்கு அடிக்கடி இல்லை. குடிநீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். மலையடிவாரங்களில் உடைந்த புட்டிகள் கிடக்கின்றன. இவையெல்லாம் உண்மை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே சித்தன்னவாசலில் இருந்தோம். புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். தட்டையான நிலத்தின் நடுவே நெடிய பாறை ஒன்று முதுகு காட்டிப் படுத்திருப்பது போன்ற தோற்றம். அதன் கிழக்கு முகத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை இருக்கிறது. பாறையில் அடிவைக்க வெட்டிய ஏழு குழிகளால் அப்பெயர் வந்தது. குகைக்குள் வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள் 17 உள்ளன. தலை வைக்குமிடத்தில் தலையணை போலச் சற்றே உயர்த்தியிருக்கிறார்கள். சமணத் துறவியர் தவமிருந்த இடம். பெரிய படுக்கையின் அருகே, கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது எனக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் என்பார் அமைத்துக் கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். எருமி நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் ஆராய்ச்சியாளர். எங்கோ பிறந்த ஒருவர் நெடுந்தொலைவு நடந்து வந்து இந்தப் பாறையைத் தம் வீடாகக் கொண்டார். உள்ளூரார் அவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தனர். என் தாயாருக்கோ இது பிறந்த மண். இருந்தும் அந்தக் குகையை அவர் கண்டதில்லை. "அங்கே பேய் இருக்கிறது, போகக்கூடாது என்று பெண்பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தார்கள்" என்றார். இப்போது முழங்கால் விடவில்லை. கீழேயே இருந்துவிட்டார். மகள் மட்டும் ஏறிச் சென்று, ஒவ்வொரு படுக்கையையும் எண்ணி வந்து பாட்டிக்குச் சொன்னாள்.

மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயிலுக்குப் படிகள் சில மட்டுமே. அங்கே இருவரும் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். பாறையைக் குடைந்த சிறிய கோயில். உள்ளறையின் பின்சுவரில் அமர்ந்த நிலையில் மூன்று உருவங்கள். முன்மண்டபத்துச் சுவர்களில் ஒருபுறம் பாம்புப் படம் கவிந்த பார்சுவநாதர், மறுபுறம் ஓர் ஆசாரியர். உள்ளறையில் நின்று மூச்சை அடக்கி மெல்ல முனகினால் அறை முழுவதும் ரீங்காரம் எழுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், அவனிபசேகரன் சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. 1920-ஆம் ஆண்டையொட்டி இவ்வோவியங்களை உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர் ழுவோ துப்ரேயில் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் முதலில் இவை ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் கால வேலை என்று கருதினார். பின்னர் இக்கல்வெட்டின் துணையால் பாண்டியர் காலத்தவை என்ற முடிவு வலுப்பட்டது. கவனியுங்கள்: நம் அண்டை ஊரின் செல்வத்தை நமக்கு அறிவிக்கப் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் வரவேண்டியிருந்தது.

மண்டபத்தின் விதானத்தில் தாமரைக்குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மொட்டும் மலரும் இலையும் நெருங்கிய குளம். அதில் மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் இறங்கி நிற்கின்றன. மலர் பறிக்கும் மூவர் கையிலும் தோளிலும் தாமரைகளோடு காணப்படுகின்றனர். தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்லும் அடியவர் வழியில் கடக்க வேண்டிய நிலைகளுள் ஒன்றை இது குறிக்கிறது என்று சமண நூல்களைக் கொண்டு அறிஞர் விளக்குவர். இந்த விளக்கத்தை நான் என் தாயாருக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு, "எருமை கிடக்கிறதைப் பார், ஆத்தா. எங்கள் ஊர்க் கண்மாயில் இப்படித்தான் கொம்பு மட்டும் தெரியக் கிடக்கும். தாமரை பறிக்கிறவன் தண்டைத் தோளில் போட்டிருக்கிறான் பார். நாங்களும் அப்படித்தான் போட்டுக்கொள்வோம், கையில் பிடித்தால் முள் குத்தும்" என்று பேத்தியிடம் சொன்னார்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓவியன் கண்டது இவ்வூர்க் கண்மாய் ஒன்றைத்தான் என்று எனக்கு அந்தக் கணத்தில் தோன்றியது. நூல்களில் நான் படித்திருந்த விளக்கம் பிழையன்று. ஆனால் என் தாயார் கண்டதை அந்த நூல்களில் நான் படித்ததில்லை. பிறநாட்டுக் கூடமொன்றில் உலகப் புகழ்பெற்ற ஓவியத்தின் முன் நின்றபோது, அருகிலிருந்த பெயர்ப்பலகையில் எழுதியிருந்தவற்றைத்தான் நான் கண்டேன். அதற்குமேல் காண எனக்கு அந்த நாட்டின் குளத்தையும் தெரியாது, எருமையையும் தெரியாது.

மகள் கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்தாள். மங்கலான கறையாகத்தான் விழுந்தது. மங்கியதற்குக் காலம் மட்டுமே காரணம் அன்று. காவலில்லாத நாட்களில் வந்து போனவர்கள் சுவரிலும் விதானத்திலும் கீறியிருக்கிறார்கள். சுற்றியுள்ள பாறைகளில் இன்றும் பெயர்களைப் பார்க்கலாம். எல்லாம் தமிழ்ப் பெயர்கள். ஒன்றிரண்டில் கல்லூரியின் பெயரும் சேர்ந்திருக்கிறது. மாணவர்களாகிய உங்களிடம் இதனைச் சொல்லக் கூசுகிறது. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. தூண்களில் உள்ள நடனமாதர் இருவரின் உருவங்களில் எஞ்சியிருப்பது சிறிதளவே. ஒருத்தியின் கைவீச்சும் இடை நெளிவும் இன்னும் தெரிகின்றன. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவையும் தெரியுமா என்பதை என்னால் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலையில் நார்த்தாமலைக்குச் சென்றோம். மேலமலையின் பாறைச் சரிவில் விசயாலய சோழீச்சுரம் மேற்கு நோக்கி நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். இத்தகைய அமைப்பைத் தமிழ்நாட்டில் அரிதாகவே காண இயலும். எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. திரும்பும் வழியில் நுங்கு வாங்கித் தின்றோம். திருக்கோகர்ணத்தில் 1910-ஆம் ஆண்டில் தொடங்கிய அருங்காட்சியகத்தையும் பார்த்தோம்; அதற்கு ஒரு மணி நேரம் போதாது, நாங்கள் ஒரு மணி நேரந்தான் கொடுத்தோம்.

அயல்நாட்டுப் பயணத்தை நான் பழிக்கவில்லை. பழித்தால் இந்த மண்ணே என்னைப் பார்த்து நகைக்கும். கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினர் இருந்தனர். தாய்லாந்தின் மேலைக் கடற்கரையில் தக்குவாபா என்ற இடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அவனிநாரணம் என்ற குளத்தைக் குறித்து, அது மணிக்கிராமத்தாரின் காப்பில் விடப்பட்டதாகச் சொல்கிறது. கடல் கடந்து சென்ற தமிழர் அங்கேயும் ஒரு குளத்தை வெட்டிக் காத்திருக்கின்றனர். இதனைப் புதுக்கோட்டையிலிருந்து திரும்பிய இரவில் மகளுக்குச் சொன்னேன்.

அண்டை ஊர்ப் பயணத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு; மீண்டும் செல்லலாம். சிங்கப்பூரை ஐந்து நாளில் பார்த்து முடித்தாக வேண்டும். மழை வந்தால் வந்ததுதான். சித்தன்னவாசலுக்கு நாங்கள் ஐப்பசி மழைக்குப் பிறகு மறுமுறையும் சென்றோம். மலையடிக் குளங்களில் நீர் நின்றது. ஒன்றில் தாமரையும் பூத்திருந்தது. என் தாயார் அதனைக் காட்டி, எவ்வாறு நீரில் இறங்கித் தண்டை ஒடிக்க வேண்டும் என்று சைகையால் செய்து காட்டினார். மகள் அதனைப் படமெடுத்து வைத்திருக்கிறாள். தை மாதத்தில் என் தாயார் காலமானார்.

இப்போது மறுபடியும் கோடை வந்திருக்கிறது. சேமித்த பணமும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. எங்கே போகலாம் என்று மகளிடம் சென்ற வாரம் கேட்டேன். சிங்கப்பூர் என்றுதான் சொல்வாள் என எதிர்பார்த்தேன். தக்குவாபாவுக்குச் செல்ல எவ்வளவு செலவாகும், அந்தக் குளம் இருந்த இடத்தை யாரேனும் காட்டுவார்களா என்று கேட்டாள். கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.